ரோட்டோரக் கல்லுக்கு யார் பொறுப்பு? பழனி மலையில இருக்கிற கற்திட்டை, நடுகல், சுமைதாங்கி பத்தி ஒரு விளக்கம்

மலைரோடு அகலப்படுத்துற வேலை எங்க ஆரம்பிச்சாலும் கூடவே ஒரு குழப்பம் வந்துடும். ஜேசிபி ஒரு பழைய கல்லுகிட்ட போய் நிக்கும், ஊர்ல நாலு பேர் "இது ஆயிரம் வருஷத்துக் கல், தொட முடியாது"ன்னு சொல்லுவாங்க, கான்ட்ராக்டர் "எங்க பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லையே"ன்னு சொல்லுவார், யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டு தொல்லியல் துறை ஏன் தூங்குதுன்னு கேப்பாங்க. இதுல ஒருத்தரும் பொய் சொல்லலங்கிறதுதான் பிரச்சனையே. கல் நிஜமாவே பழசு, பேப்பர்லயும் நிஜமாவே இல்ல. எப்படி இப்படி ஆச்சுன்னு புரியணும்னா கல்லுல ஆரம்பிச்சு சட்டம் வரைக்கும் போகணும். கீழ்ப்பழனி மலையை, அதாவது கொடைக்கானல் மலைத்தொடர்ல இருக்கிற தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, பேத்துப்பாறை பக்கத்தை உதாரணமா வச்சுக்கலாம், ஏன்னா எல்லா வகைக் கல்லும் அங்க பக்கத்துப் பக்கத்துல கிடைக்குது.

கல் எதுக்கு ரோட்டோரமா இருக்கு?

கல்லு ரோட்டுக்கு வரல, ரோடுதான் கல்லுகிட்ட வந்துச்சு. மலையில நடந்து போறவன் எங்க வேணாலும் நடக்க மாட்டான். தண்ணி கிடைக்கிற இடம், சரிவு கம்மியா இருக்கிற முகடு, யானை வந்தா தூரத்துலயே தெரியுற மாதிரி வெட்டவெளிப் பாறை, இதையெல்லாம் பார்த்துதான் தடம் விழும். அந்தத் தடத்துலதான் செத்தவங்களுக்குக் கல் வச்சாங்க, பின்னாடி பொதிமாடும் மட்டக்குதிரையும் அதே தடத்துல போச்சு, அதுக்கும் பின்னாடி வந்த இன்ஜினியருங்க பல இடத்துல அதே தடத்தை அகலப்படுத்தித்தான் ரோடு போட்டாங்க.

கொடைக்கானல் கதையும் இதேதான். 1821-ல பி.எஸ்.வார்டு சர்வே பண்ண மேல வந்தாரு, 1845-ல அமெரிக்க மிஷனரிங்க வீடு கட்டுனாங்க. மோட்டார் ரோடு வந்தது 1910-களின் நடுவுலதான். நடுவுல இருக்கிற அந்த 70 வருஷமும் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புல இருந்து கூலிங்க தூக்கிட்டு வந்த டோலி, குதிரை, நடை, இவ்வளவுதான். அந்தப் பழைய வழியில வர்ற வெள்ளகெவி கிராமத்துல ரொம்ப காலம் ரோடே கிடையாது, அரிசி மூட்டை கூட குதிரை முதுகுலதான் போச்சு, ஊருக்குள்ள செருப்பு போடுற வழக்கமும் இல்ல. பழைய மலைப்பாதை எப்படி இருந்திருக்கும்னு தெரியணும்னா மியூசியத்துக்குப் போறதை விட வட்டக்கானல்ல இருந்து அந்தப் பாதையில கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம், ஏறி வர்றதுக்கு மூச்சு இருந்தா.

எந்தக் கல் என்னது?

எல்லாத்தையும் "பழைய கல்"னு ஒரே மூட்டையில கட்டுறதாலதான் பாதி சண்டை வருது. வகையைப் பொறுத்து வயசும் மாறும், சட்டமும் மாறும்.

1. கற்திட்டை. நாலு பக்கம் பலகைக்கல் நிறுத்தி மேல ஒரு மூடுகல் வச்ச சின்ன அறை. ஊர்ல குள்ளர் வீடு, குள்ளர் குகை, பாண்டவர் வீடுன்னு சொல்றது இதைத்தான், பேத்துப்பாறை பக்கம் டூரிஸ்ட் வண்டிக்காரங்க கூட்டிட்டுப் போற குள்ளர் குகையும் இதுதான். குள்ளர் யாரும் அதுல குடியிருக்கல. இது இரும்புக்கால மக்கள் செத்தவங்களுக்காகக் கட்டுனது, பொதுவா 2000 வருஷத்துக்கும் மேல பழசு. உயரம் கம்மியா இருக்கிறதால குள்ளர் கதை வந்துடுச்சு, அவ்வளவுதான்.

பழனி மலையில ஒரு விசேஷம் என்னன்னா, இதுல நிறைய கற்திட்டைங்க மண்ணுல குழி தோண்டிக் கட்டுனது கிடையாது, வெறும் பாறை மேலயே நிக்குது. பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி நீட்டிட்டு இருக்கிற பாறை முகப்பா தேர்ந்தெடுத்துக் கட்டியிருக்காங்க. கல்லுக்கும் அலைய வேண்டியதில்ல, இந்த மலைப்பாறை வெயில்லயும் குளிர்லயும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சு வரும், உரிஞ்ச பலகையை நகர்த்தி நிறுத்துனா சுவர் ரெடி. இது தெரிஞ்சா ஒரு விஷயம் புரியும்: அடியில புதையல் இருக்குன்னு அமாவாசை ராத்திரி கடப்பாரையோட போறவங்களுக்கு அடியில பாறைதான் கிடைக்கும். அதுக்குள்ள மூடுகல் ரெண்டா உடைஞ்சிருக்கும்.

இதை முதல்ல ஒழுங்கா எழுதி வச்சது கொடைக்கானல் பக்கம் செண்பகனூர்ல இருந்த சேசு சபைக்காரங்கதான். பாதிரியார் ஆங்லேட்டும் நியூட்டனும் மலை முழுக்க சுத்தி எழுதுனதை 1928-ல இந்தியத் தொல்லியல் துறையே வெளியிட்டுச்சு. செண்பகனூர் மியூசியத்துக்குப் போறவங்க பாடம் பண்ணி வச்ச பாம்பையும் ஆர்க்கிட் பூவையும் பார்த்துட்டுத் திரும்பிடுறாங்க, கற்திட்டையில கிடைச்ச பானையையும் கொஞ்சம் நின்னு பார்க்கலாம். அப்புறம் 2000-கள்ல பேராசிரியர் கா.ராஜன் தலைமையில தாண்டிக்குடியில அகழாய்வு நடந்துச்சு, அதுல கிடைச்சதுல சூதுபவள மணியும் உண்டு. சூதுபவளம் இந்த மலையில விளையுற கல் கிடையாது, வெளியில இருந்துதான் வந்திருக்கணும், அப்படின்னா ஏலமும் மிளகும் விளையுற இந்த மலைக்கு அப்பவே யாவாரம் இருந்திருக்கு. அதே ராஜன் குழு மலையடிவாரத்துல, பழனி பக்கம் பொருந்தல்ல 2009, 2010-ல தோண்டுனப்போ ஒரு சாடியில நெல்லு கிடைச்சுது, காலக்கணிப்பு பண்ணதுல கி.மு. 490-னு வந்துச்சு. அடிவாரத்துல அப்படி ஒரு ஊரு இருந்திருக்கு, மேல மிளகு இருந்திருக்கு, ரெண்டுக்கும் நடுவுல தடம் இல்லாம இருந்திருக்குமா என்ன.

2. நடுகல். சண்டையில, ஆநிரை மீட்குறப்ப, புலியோட மோதி செத்தவனுக்கு வச்ச கல். ஈட்டியால புலியைக் குத்துற மாதிரி இருந்தா புலிகுத்திக்கல். மடிச்ச கையும் வளையலுமா ஒரு பொண்ணு கூட நின்னா அது சதிக்கல், அதாவது புருஷனோட உடன்கட்டை ஏறுனவளுக்கு வச்சது. இதோட பழமைக்கு ஒரு அளவு வேணும்னா மலைக்குத் தெக்கால பாருங்க, தேனி மாவட்டம் ஆண்டிபட்டி தாலுகா புலிமான்கோம்பையில 2006-ல தமிழி (தமிழ் பிராமி) எழுத்து இருக்கிற நடுகல் மூணு கிடைச்சுது. அதுல ஒண்ணு கூடலூர்ல நடந்த ஆகோள்ல, அதாவது மாடு பிடிச்ச சண்டையில செத்த தீயன் அந்தவனுக்கு வச்சது, இந்தியாவுலயே ரொம்பப் பழைய எழுத்துள்ள நடுகல்லுங்கள்ல அதுவும் ஒண்ணு. அதுவரைக்கும் அந்தக் கல்லுங்க ஊருக்குப் பக்கத்துலயே சும்மாதான் கிடந்துச்சு.

மலை கிராமத்துல நடுகல் பெரும்பாலும் சாமியாயிடும், கருப்பன்னோ வேட்டைக்காரன்னோ பேர் வச்சுக் கும்பிடுவாங்க. இதுல நல்லதும் கெட்டதும் இருக்கு. கும்பிடுற கல்லை எந்த ஜேசிபி டிரைவரும் தொட மாட்டார். ஆனா வருஷா வருஷம் எண்ணெய், சந்தனம், இப்போ இனாமல் பெயின்ட்டுன்னு பூசிப் பூசி எழுத்து மூடிடுது. எழுத்து இருக்கான்னு பார்க்க பெயின்ட்டை உப்புத்தாள் வச்சுத் தேய்க்கக் கூடாது. சாயங்காலம் வெயில் சாயும்போது பக்கவாட்டுல நின்னு பாருங்க, இல்ல ராத்திரி டார்ச்சைக் கல்லோட ஓரத்துல படுக்க வச்ச மாதிரி அடிங்க, பள்ளம் இருந்தா நிழல் காட்டிக் கொடுத்துடும். முறையாப் படிக்கிறவங்க மைப்படி எடுப்பாங்க: கல்லைத் தண்ணி விட்டுக் கழுவி, நனைச்ச தாளை ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள்ள தாளை இறக்கி, காயுறதுக்குள்ள மேல மை ஒத்துவாங்க. மேடு கருப்பா வரும், எழுத்து வெள்ளையா நிக்கும்.

3. சுமைதாங்கி. ரெண்டு கல் நட்டு மேல ஒரு கல் படுக்க வச்சது. தலைச்சுமையோட வர்றவன் குனியாம, இன்னொருத்தர் கை பிடிக்காம, சுமையை அப்படியே நகர்த்தி வைக்கிற உயரம், ஏறக்குறைய நெஞ்சு உயரம். திரும்பப் போகும்போது தலையைக் குடுத்து நிமிர்ந்தா போதும். வயித்துல புள்ளையோட செத்துப்போன பொண்ணு நினைவா வைக்கிறது வழக்கம், இறக்காத சுமையோட போனவளுக்கு இது ஆறுதல்னு நம்பிக்கை. சிலதுல படுக்கைக்கல்லோட முகத்துல பேரும் வருஷமும் வெட்டியிருப்பாங்க, அதுல வர்ற வருஷம் விக்கிரம, பிலவன்னு தமிழ் வருஷப் பேரா இருந்தா 60 வருஷத்துக்கு ஒருதடவை அதே பேர் திரும்ப வரும்ங்கிறதை மறந்துடாதீங்க, எழுத்தோட அமைப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் வயசு சொல்ல முடியும்.

என்னைக் கேட்டா ரோட்டோரத்துல இருக்கிறதுலயே அனாதையான கல் இதுதான். கற்திட்டையைத் தேடி ஆராய்ச்சிக்காரங்க வருவாங்க, நடுகல்லுக்கு பூசாரி இருப்பாரு. சுமைதாங்கிக்கு யாரும் கிடையாது, தலைச்சுமை நின்னதோட அதுக்கு வேலையும் போயிடுச்சு. படுக்கைக்கல் நல்ல நீளமா, சமமா இருக்கிறதால சாக்கடை மூட, வாசப்படி போட அதுதான் முதல்ல காணாமப் போகும்.

4. மைல்கல்லும் எல்லைக்கல்லும். 1960-கள்ல நாடு மைலை விட்டு கிலோமீட்டருக்கு மாறுனப்போ பழைய மைல்கல்லுக்கு அர்த்தம் போச்சு, சிலதைப் பிடுங்குனாங்க, சிலதை அப்படியே விட்டுட்டாங்க. சுண்ணாம்புக்கு அடியில வெட்டுன எழுத்து இருக்கான்னு விரல் வச்சுத் தடவிப் பாருங்க. சும்மா பெயின்ட் மட்டும் அடிச்சதுன்னா விட்டுடலாம்.

"பழசு" வேற, "பாதுகாக்கப்பட்டது" வேற

நிறைய பேர் தடுமாறுற இடம் இது. 100 வருஷத்துக்கு மேல பழசா இருந்தா தானாவே சட்டப் பாதுகாப்பு வந்துடும்னு ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கு. அப்படிக் கிடையாது.

மத்திய சட்டம் 1958-ல வந்தது. அதுப்படி 100 வருஷங்கிறது வெறும் நுழைவுத் தகுதி. அந்தத் தகுதி இருக்கிறதை அரசு அறிவிக்கலாம், அறிவிக்காமலும் இருக்கலாம். அறிவிக்கணும்னா முதல்ல அரசிதழ்ல நோட்டீஸ் போடணும், ஆட்சேபணை சொல்ல 2 மாசம் டைம் குடுக்கணும், அப்புறம்தான் அது "பாதுகாக்கப்பட்ட சின்னம்". அப்படி அறிவிச்சு தொல்லியல் துறை நீலப் பலகை நட்ட இடத்துக்குத்தான் சுத்தி 100 மீட்டர் தடை, அதுக்கு அப்பால 200 மீட்டர் கட்டுப்பாடு, சேதப்படுத்துனா 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். மாநிலத்துக்குன்னு 1966-ல தனிச் சட்டம் இருக்கு, அதுலயும் அறிவிப்பு வந்தாத்தான் பாதுகாப்பு.

நீங்க ரோட்டோரத்துல பார்க்கிற கல்லுல ரொம்ப ரொம்பக் கொஞ்சம்தான் இந்த ரெண்டு பட்டியல்ல எதுலயாவது இருக்கும். மிச்சதுக்கு வேற ரெண்டு சட்டம் கொஞ்சம் கை குடுக்குது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேலான சிற்பத்தை லைசென்ஸ் இல்லாம விக்கிற யாவாரம் பண்ணக் கூடாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது, அதனால செதுக்குன நடுகல்லை ஒருத்தர் லாரியில ஏத்துனா கேள்வி கேக்க வழி உண்டு. இன்னொண்ணு 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம், மண்ணுக்குள்ள இருந்து 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது எது கிடைச்சாலும் கலெக்டருக்குச் சொல்லணும். அந்தப் 10 ரூபா அப்பத்து 10 ரூபா, இன்னைக்கு வரைக்கும் அதுதான் கணக்கு! ஆக, தோண்டும்போது மணியோ பானையோ வந்தா கலெக்டருக்குச் சொல்றது சட்டக் கடமை. ஆனா மண்ணுக்கு மேல நிக்கிற சிற்பமில்லாத சுமைதாங்கி? அதுக்கு இந்த ரெண்டுலயும் பெருசா பிடி இல்ல.

நிலம் யாரோடது?

அறிவிக்காத கல்லோட கதியை கல்லோட வயசு தீர்மானிக்கிறதில்ல, அது நிக்கிற நிலம்தான் தீர்மானிக்குது.

1. பட்டா நிலம், எஸ்டேட். ஓனர் நினைச்சாத்தான். கீழ்ப்பழனியில நிறைய கற்திட்டைங்க காபித் தோட்டத்துக்குள்ள இருக்கு. காபி காயப்போடுற களத்துக்கும் தோட்டத்துச் சுவருக்கும் பலகைக்கல் போன கதையும் உண்டு, தாத்தா காலத்துல இருந்து ஒரு செடி கூட அந்தக் கல்லுகிட்ட நடாம விட்டு வச்சிருக்கிற குடும்பமும் உண்டு.

2. காப்புக்காடு, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போறதே தப்பு. கல்லுக்கு இதுதான் இருக்கிறதுலயே பத்திரமான இடம், யானை சாய்ச்சா தவிர.

3. சாலைப் புறம்போக்கு. இங்கதான் வம்பு. ரோடு நெடுஞ்சாலைத் துறையோடதா, ஊராட்சி ஒன்றியத்தோடதா, கிராம ஊராட்சியோடதாங்கிறதைப் பொறுத்து யார்கிட்ட போய் நிக்கணுங்கிறது மாறும். ஒன்றியத்து ரோட்டுக்கு நெடுஞ்சாலைத் துறை ஆபீஸ்ல மனு குடுத்தா ஒரு வாரம் கழிச்சு "இது எங்களுது இல்ல"ன்னு திரும்பி வரும், அந்த ஒரு வாரத்துல தடுப்புச்சுவரே எழும்பியிருக்கும்.

மலைப்பகுதிக்குன்னு ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) இருக்கே, அது தடுக்காதான்னு சில பேர் கேக்குறாங்க. அது கட்டடம், நில உபயோகம் பார்க்கிற ஏற்பாடு. கல்லைப் பார்க்காது.

ஜேசிபி வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோற விஷயம்

ரோடு வேலைக்கு எஸ்டிமேட் போடும்போது கரண்ட் கம்பம் மாத்த ஒரு வரி, குடிதண்ணி பைப் மாத்த ஒரு வரி, மரம் வெட்ட ஒரு வரின்னு இருக்கும். மரத்தை எண்ணி நம்பர் கூட போடுவாங்க. சுமைதாங்கிக்கு அந்தப் பேப்பர்ல அப்படி ஒரு வரி கிடையாது. வரி இல்லாததுக்குப் பணம் கிடையாது, பணம் இல்லாததை கவனமாத் தூக்கி ஓரமா வைக்க கான்ட்ராக்டருக்கு ஒரு காரணமும் கிடையாது. சைட்ல நின்னு டிரைவர்கிட்ட சண்டை போடுறது இதனாலதான் பிரயோஜனப்படுறதில்ல, அவர் கையில இருக்கிற பேப்பர்ல கல்லு இல்ல. எஸ்டிமேட் போடுற நேரத்துல, அதாவது சர்வே பண்ண ஆளு டேப்போட வந்து நிக்கிற அன்னைக்கே கல்லு பேப்பர்ல ஏறணும்.

அப்போ எல்லாத்தையும் அறிவிச்சுடலாமா?

இதுக்கு நேரா ஆமான்னு சொல்ல முடியாது. மத்திய அரசு அறிவிச்ச சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புது வீடு கட்ட முடியாது. மலை கிராமத்துல சமமா கிடைக்கிற நிலமே கொஞ்சம், அதுல நடுவுல ஒரு நடுகல்லை அறிவிச்சா பாதி ஊரு அந்த வட்டத்துக்குள்ள வந்துடும், மகனுக்கு ஒரு ரூம் எடுக்கணும்னா கூட டெல்லியில இருக்கிற தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தோட விதி குறுக்க வரும். இந்தப் பயத்துலதான் சில ஊர்ல கல்லு இருக்கிறதையே வெளிய சொல்றதில்ல. அவங்களைக் குத்தம் சொல்லவும் மனசு வரல. கூட்டமா கற்திட்டை இருக்கிற பாறை முகப்பு, குடியிருப்புக்குத் தள்ளி இருக்கிற இடம், இதுக்கெல்லாம் அறிவிப்பு கேக்குறது நியாயம். ஊர் நடுவுல இருக்கிற ஒத்தைக் கல்லுக்கும் சுமைதாங்கிக்கும் அந்த அளவு கனமான சட்டம் தேவையில்ல, பதிவு ஆகி ஊராட்சி பொறுப்புல இருந்தாலே பெரும்பாலும் போதும்.

பேப்பர்ல ஏத்துறது எப்படி?

1. போட்டோ. கல்லுகிட்ட ஒரு ஸ்கேலோ, இல்லன்னா அளவு தெரிஞ்ச ஏதாச்சும் ஒண்ணோ வச்சு, நாலு பக்கமும் எடுங்க. சுத்தி இருக்கிற இடமும் தெரியுற மாதிரி ஒரு தூரப் படம் கண்டிப்பா வேணும், கல்லை நகர்த்திட்டா எங்க இருந்துச்சுன்னு காட்ட அது ஒண்ணுதான் சாட்சி. லொகேஷனைக் குறிச்சு வைங்க, ஆனா கற்திட்டையோட லொகேஷனை ரீல்ஸ்ல போடாதீங்க, கடப்பாரைக்காரங்களும் ரீல்ஸ் பார்க்குறாங்க.

2. சர்வே நம்பர். வி.ஏ.ஓ. கிட்ட அ-பதிவேடு, புல வரைபடம் பார்த்து நிலம் எந்த வகைன்னு எழுதிக்கோங்க. இது இல்லாத மனுவை எந்த ஆபீஸ்லயும் ஒழுங்கா படிக்க மாட்டாங்க. பழைய ஆவணம் தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு, திண்டுக்கல் மாவட்டம் பிரிஞ்சது 1985-லதான், அதுக்கு முந்தின எல்லாம் மதுரை மாவட்டம்ங்கிற பேர்லதான் இருக்கும்.

3. கிராம சபை. வருஷத்துக்கு 6 நாள் நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதுல கல்லு, சர்வே நம்பர், "ஊராட்சி பாதுகாக்கும், ரோடு வேலை வந்தா முன்கூட்டியே தெரிவிக்கணும்"னு தீர்மானம் போட்டு நகல் வாங்கிக்கோங்க. வாயால எல்லாரும் சரின்னு சொன்னது தீர்மானம் ஆகாது, மினிட்ஸ் புத்தகத்துல ஏறுச்சான்னு பார்த்துட்டு வாங்க.

4. அந்த நகலை வச்சு மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒண்ணு, கொடைக்கானல் வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) ஒண்ணு, ரோடு எந்தத் துறையோ அவங்களுக்கு ஒண்ணு. நேர்ல குடுத்தா ரசீது, தபால்ல போட்டா ஒப்புகை அட்டை.

5. நகர்த்தியே ஆகணும்னு வந்துடுச்சுன்னா, வளைவு அகலமாகாம பஸ் திரும்பாதுங்கிற மாதிரி நியாயமான காரணமா இருந்தா, மறிச்சுட்டு நிக்காம எப்படி நகர்த்துறதுன்னு பேசுங்க. சுமைதாங்கி, மைல்கல், தனி நடுகல் இதையெல்லாம் தொல்லியல் ஆள் யாராவது பக்கத்துல இருக்க, பெல்ட் போட்டுத் தூக்கி, அதே ரோட்டுல பத்தடி உள்ள தள்ளி, முன்னாடி எந்தத் திசையைப் பார்த்துச்சோ அதே திசையில நடலாம். சிமென்ட்ல புதைக்கச் சொல்லாதீங்க, எழுத்து கீழ்ப்பக்கம் வரைக்கும் இருந்தா அதோட போச்சு. கற்திட்டையை மட்டும் நகர்த்தவே விடாதீங்க. அது பாறையோட சேர்ந்து ஒரே அமைப்பு, பலகைங்க ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்ச கனத்துலயே நிக்குது, பிரிச்சா திரும்ப அதே மாதிரி கூட்டுறது ரொம்பக் கஷ்டம். அந்த இடத்துல ரோட்டைத்தான் வளைக்கணும், சர்வே நடக்கும்போதே சொன்னா வளைக்கவும் முடியும்.